தலையணைக்கு அடியில் அடித்த அலாரம்

வீட்டில் எல்லோரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், எது கையில் கிடைத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் என்று சின்ன வயதில் அவள் அக்கா வைத்த பெயர். முப்பத்தேழு வயதாகி, ஒரு பெண் குழந்தைக்கு அம்மாவான பிறகும் அது அவளை விடவில்லை. சான்றிதழில் இருந்த பெயர் வேறு. அது நல்ல பெயர்தான், ஆனால் எந்த வகுப்பில் சேர்ந்தாலும் அதே பெயரில் இன்னொருத்தி இருந்து தொலைப்பாள்.

பத்து வருடம் அவள் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். மொத்தம் ஏழு பேர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைப் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. எதையாவது உடைத்துவிட்டால், "சார், போச்சு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். முதலாளி அடுத்த மேசையிலிருந்து தலையில் கை வைத்துக்கொள்வார். அவருக்கு வயதாகிக் கம்பெனியை மூடியபோது, ஏழு பேரும் ஏழு திசையில் போனார்கள். சிட்டு போய்ச் சேர்ந்த இடம்தான் பெரிது: மூன்று கட்டடம், கட்டடத்துக்கு ஒன்பது மாடி, பதினோராயிரம் பேர்.

முதல் நாள் அவளைப் புகைப்படம் எடுத்து, பாதிக் கண் மூடிய அந்தப் படத்தையே அட்டையில் போட்டுக் கழுத்தில் மாட்டினார்கள். ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். "உங்க மேனேஜர் மெயில் அனுப்புவாரு, அதுவரைக்கும் எங்க இடம் இருக்கோ அங்க உக்காருங்க" என்றார்கள். பேசுவதைக் கேட்டு எழுத்தாக மாற்றும் பிரிவுக்குத்தான் அவளை எடுத்திருந்தார்கள். நேர்காணல் செய்தவர் அந்தப் பிரிவின் மேனேஜர். இரண்டு நாள் அவரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் வேறு யாரோ அனுப்பிய அழைப்பு வந்தது: தினமும் ஒன்பதரை மணி, நான்காம் மாடி, சனி.

சனி என்பது கிழமை அல்ல, அறை என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டம் நடத்தும் அறைகளுக்குக் கிரகங்களின் பெயர் வைத்திருந்தார்கள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் அடிதடி. சனி மட்டும் எப்போதும் காலியாகக் கிடைக்கும் என்பதால், நான்காம் மாடியில் இருந்த ஒரு குழு அதை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருந்தது.

கதவைத் திறந்ததும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். குழுவுக்குத் தலைவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள்.

"வாங்க வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இன்னும் மூணு வாரம் ஆகும்னாங்க, முன்னாடியே வந்துட்டீங்களே."

மரியாதைக்குச் சொல்கிறார் போலிருக்கிறது என்று சிட்டு நினைத்தாள். "வீட்ல சும்மா இருக்க முடியல சார்" என்றாள்.

"அதானே. உக்காருங்க, உக்காருங்க. நிக்காதீங்க." அவர் தாமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவ்வளவு பெரிய கம்பெனியில் இவ்வளவு நல்ல மனிதரா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கைபேசியில் இருக்கும் அலாரம்தான் அந்தக் குழுவின் வேலை. கூட்டம் முடிந்ததும் சிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சார், நான் பேச்சு சம்பந்தமான வேலைன்னு நெனச்சேன்."

"பேச்சா? இங்க நாள் பூரா அது மட்டும்தாங்க நடக்குது" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் அடுத்த கூட்டத்துக்கு ஓடிவிட்டார்.

பெரிய கம்பெனிகளில் ஒரு வேலைக்கு எடுத்து இன்னொரு வேலையில் போடுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்படித்தான் போலிருக்கிறது என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பல் கட்டும் தொழிலாளி. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பினால், வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பான். ஒரு வாய்க்கான முழுப் பல்லையும் தனி ஆளாகச் செய்கிறவன்.

"அலாரம் அடிக்கிறதுக்கு இருபத்திரண்டு பேரா? ஆளுக்கு ஒரு மணி நேரம்னு வெச்சாக்கூட ரெண்டு ஆள் குறையுதே."

"சிரிக்காதீங்க. சத்தத்துக்கு ஒருத்தர். விமானத்துல தூங்கிக்கிட்டே வேற நாட்டுக்குப் போறவங்களுக்கு ஒருத்தர். 'இன்னும் அஞ்சு நிமிஷம்'னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதுக்கு மட்டும் மூணு பேர்."

"அந்த மூணு பேரும் காலையில நேரத்துக்கு வராங்களா?"

"அதைக் கேக்காதீங்க" என்றாள் சிட்டு.

அந்தக் குழுவை நான்கு மாதமாக ஒரு புகார் படுத்திக்கொண்டிருந்தது. 'அலாரம் அடிக்கவே இல்லை' என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் தேர்வைத் தவறவிட்டிருந்தார். ஒரு நீச்சல் பயிற்சியாளர், பன்னிரண்டு குழந்தைகள் குளத்தருகே நடுங்கிக்கொண்டு நிற்க, வீட்டில் குறட்டை விட்டிருந்தார். குழுவில் யாரும் அதை நம்பவில்லை. முக்கியமாக நம்பாதவன், இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன். எதைக் கேட்டாலும் கணினியில் பதிவாகியிருக்கும் விவரத்தை எடுத்துக் காட்டி, "லாக்ல பாத்துட்டேன்" என்பான். அதனால் அவனுக்கு லாக் தம்பி என்று பெயர்.

"அடிச்சிருக்கு மேம்" என்றான் சிட்டுவிடம். "ஆறு மணிக்கு டாண்ணு அடிச்சிருக்கு. அவங்களே நிறுத்தியிருக்காங்க. நிறுத்திட்டுத் திரும்பப் படுத்துத் தூங்கிட்டு, நம்ம தலையில கட்டறாங்க."

"எத்தனை நொடி கழிச்சு நிறுத்தியிருக்காங்க?"

"ஒரு நொடி. சில பேர் அதுக்கும் கம்மி."

சிட்டுவின் கை சும்மா இருக்கவில்லை. கைபேசியை மேசையில் வைத்து, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்து, அலாரம் அடித்ததும் தடவி எடுத்து நிறுத்திப் பார்த்தாள். நான்கு நொடி ஆனது. லாக் தம்பியைச் செய்யச் சொன்னாள். அவனுக்கு மூன்று.

"நீ முழிச்சிருக்கும்போதே மூணு நொடி ஆகுது. தூங்கறவன் எப்படிப்பா ஒரு நொடியில நிறுத்துவான்?"

"லாக்ல அப்படித்தான் மேம் இருக்கு" என்றான் அவன். ஆனால் முன்பிருந்த உறுதி அதில் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அவள் புகார்களை ஒன்றுவிடாமல் படித்தாள். யாரோ வீட்டுப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. திட்டியவர்கள் இருந்தார்கள், கெஞ்சியவர்கள் இருந்தார்கள். 'எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் சண்டை மூட்டிவிட்டீர்கள்' என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் படித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை விடிகாலையில். கணவன் எட்டு மணிக்குள் ஒரு பல்செட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. சிட்டு முன்பே எழுந்துவிட்டாள். துவைத்த துணியை மடித்து அலமாரியில் வைக்கப் படுக்கையறைக்குள் வந்தபோது, அவன் தலையணைக்கு அடியில் "டி" என்று ஒரு சத்தம் கேட்டு, அப்படியே அடங்கியது. அவன் அசையவே இல்லை. ஒரு கை வயிற்றின் மேல், இன்னொரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவனை உலுக்கினாள். "என்னங்க, அலாரத்தை நிறுத்தினீங்களா?"

"எதை?"

தலையணையைத் தூக்கிக் கைபேசியை எடுத்தாள். 'பயனர் நிறுத்தினார்' என்று அதில் இருந்தது. சிட்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதம் முன்புதான் குழு ஒரு புது வசதியைக் கொண்டுவந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் பட்டனைத் தேட வேண்டாம், கைபேசிக்கு மேலே கையைக் காட்டினால் போதும், அலாரம் நின்றுவிடும்.

"திரும்பப் படுங்க" என்றாள்.

"மணி என்ன ஆச்சு?"

"அதை விடுங்க. தலையை வெச்சுப் படுங்க."

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, அவனைப் பத்து தடவை படுக்க வைத்தாள். கைபேசி அதிரும், அந்த அதிர்வில் தலையணை கொஞ்சம் அசையும், அதைக் கையென்று நினைத்துக் கைபேசி வாயை மூடிக்கொள்ளும். பத்தில் எட்டு தடவை அப்படித்தான் ஆனது. நடுவில் மகள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா, அப்பா வேலை பாக்கறாரு."

"சிட்டு, அங்க ஒரு மனுஷன் வாயில பல்லில்லாம உக்காந்திருக்காரு" என்று அவன் கும்பிடாத குறையாகச் சொன்னான். எழுந்திரு எழுந்திரு என்று எந்த மனைவியும் கணவனை எழுப்பும் நேரத்தில், படு படு என்று அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள். பல் அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

அலுவலகத்தில் கேப்டனிடம் சொன்னபோது அவர் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. "ஒரு தலையணையை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. நாளைக்குச் சனியில எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க. ஆளுக்கொரு தலையணை கொண்டுவரச் சொல்லிடறேன். பஞ்சு, ஸ்பாஞ்சு எல்லாத்துலயும் பாத்துடுவோம்."

அன்று மத்தியானம் அவள் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. அவள் பெயரைப் போட்டு, யாரோ பாசமாக எழுதியிருந்தார்கள்: 'கால் எப்படி இருக்கு? கட்டுப் பிரிச்சாச்சா? நாளைக்கே வேலைக்குப் போறதா கேள்விப்பட்டேன், பாத்து நட.'

சிட்டு குனிந்து தன் காலைப் பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

கம்பெனியின் முகவரிப் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடினாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வேறு கிளையிலிருந்து அலாரம் குழுவுக்கு மாற்றலாகி வருகிறவள். கால் முறிவு, விடுப்பில் இருக்கிறாள். இன்னொருத்தி, பெயருக்குப் பின்னால் 2 என்ற எண் ஒட்டிக்கொண்டிருப்பவள், பேச்சை எழுத்தாக்கும் பிரிவு. புகைப்படத்தில் பாதிக் கண் மூடியிருந்தது. மாற்றலாகி வருகிறவளுக்கு முன்கூட்டியே அழைப்பு அனுப்பப் பெயரை அடிக்கும்போது, கேப்டன் ஒரு வரி கீழே தட்டிவிட்டார். கதை அவ்வளவுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டது, நிற்காதீர்கள் என்றது, முன்பே வந்துவிட்டீர்களே என்றது எல்லாம் இப்போது வரிசையாக வந்து அவள் காதைச் சூடாக்கின.

தன் பிரிவு எங்கே இருக்கிறது என்று பார்த்து ஏழாம் மாடிக்குப் போனாள். ஒரு மூலையில் எட்டு மேசைகள் காலியாக இருந்தன. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"யாரைப் பாக்கணும்மா?"

"இங்க ஒரு டீம் இருந்துச்சே?"

"அவங்க போயி மூணு வாரமாச்சே. பெரிய சாரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. மிச்சப் பேரை அங்கயும் இங்கயுமா சேத்துட்டாங்க. நீங்க யாரும்மா?"

"நானும் அந்த டீம்தான்" என்றாள் சிட்டு. அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

அங்கே உட்கார்ந்து கணினியில் பார்த்தாள். பிரிவில் மொத்த ஆட்கள்: ஒன்று. மேனேஜர் என்ற இடத்திலும் அவள் பெயரே இருந்தது. யாரும் இல்லாததால், இருக்கிற ஒருத்தியையே கணினி தலைவியாக்கி வைத்திருந்தது.

வீட்டில் கணவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "தெரிஞ்ச பிறகு ஒரு நாள்கூட மறைக்கக் கூடாது சிட்டு. நாளைக்குப் போனதும் முதல் வேலையா சொல்லிடு."

"செஞ்சு காட்டிட்டுச் சொல்றேனே. அப்புறம் அனுப்பினாலும் பரவாயில்ல."

"அதுவரைக்கும் உன்னால இருக்க முடியுமா?"

முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் சனிக்குள் நுழைந்தபோது அறை முழுக்கத் தலையணை. பூப்போட்டது, கோடு போட்டது, கழுத்துவலிக்காரர் ஒருவரின் வளைந்த தலையணை. லாக் தம்பி யானைப் படம் போட்ட குழந்தைத் தலையணையைக் கொண்டுவந்து, அது தன் அக்கா மகனுடையது என்று கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள் சிட்டு. "நான் உங்க டீம் இல்ல."

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க. புதுசா வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார் கேப்டன்.

"இல்ல சார், நிஜமாவே நான் வேற ஆளு."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். பெரியம்மா வராங்க, தலையணையைப் போடுங்க."

பெரியம்மா என்பது மொத்தக் கட்டடத்துக்கும் தலைமையில் இருந்த பெண்மணிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கதவைத் திறந்தபோது, கம்பளத்தின் மேல் லாக் தம்பி யானையில் தலை வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். சுற்றிலும் இருபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்றார் பெரியம்மா.

அப்போது யானைக்கு அடியில் "டி" என்று கேட்டு அடங்கியது.

சிட்டு விளக்கினாள். கோடு போட்டதில் செய்து காட்டினாள், பூப்போட்டதில் செய்து காட்டினாள். ஸ்பாஞ்சில் பத்துக்கு ஒன்பது தடவை நின்றது. வளைந்த தலையணையில் மட்டும் நிற்கவில்லை. "நம்ம ஆய்வுக்கூடத்துல போனை மேசை மேல வெச்சுத்தான் சோதிக்கிறோம் மேடம். மேசையில யாரும் தூங்கறதில்ல." லாக் தம்பி படுத்தபடியே கையைத் தூக்கி, "பயனர் நிறுத்தினார்னு லாக்ல வந்திருக்கு மேடம். நான் நிறுத்தல" என்றான்.

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட தலையணையைத் தம் பக்கம் இழுத்துக் கம்பளத்தில் படுத்தார். அலாரம் "டி" என்றது, நின்றது. அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு விமானத்தைத் தவறவிட்டேன். எங்க வீட்டுக்காரர்தான் நிறுத்திட்டார்னு ஒரு வாரம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே முதலில் சிரித்தார். அப்புறம் சனி குலுங்கியது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கதவு மறுபடி திறந்தது. ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு, நல்ல உயரமாக ஒரு பெண் நின்றாள். தரையில் கிடந்த பெரியம்மாவையும் தலையணைகளையும் பார்த்து, "மன்னிக்கணும், அலாரம் டீம் இதுதானா? இன்னிக்குச் சேரச் சொல்லியிருந்தாங்க" என்று தன் பெயரைச் சொன்னாள்.

கேப்டன் அவளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், சிட்டுவின் காலைப் பார்த்தார்.

"அப்ப நீங்க யாருங்க?"

"காலையிலேர்ந்து அதைத்தான் சார் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் சிட்டு. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஏழாம் மாடியின் காலி மேசைகளைச் சொன்னாள். நேற்றே தெரிந்தும் நேற்றே சொல்லாததையும் சொன்னாள். "என் பொருளெல்லாம் எடுத்துக்கறேன் சார். அந்தத் தலையணை விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க."

முதலில் பேசியது ஊன்றுகோல்காரிதான். "மூணு வாரமா என் பேர்ல யாரோ வேலைக்கு வந்திருக்காங்க. நான் வீட்ல காலை நீட்டிப் படுத்திருந்தேன். எனக்கென்னவோ இந்த ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு." நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்தாள். "சார், இவங்களை அனுப்பிட்டீங்கன்னா, இவங்க கண்டுபிடிச்சதை எனக்கு யார் சொல்லித் தருவா?"

கேப்டன் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "இதை எல்லாம் எங்கிட்ட கேப்பீங்களா? ஆக வேண்டியதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனிதவளப் பிரிவில் இருந்த பெண் கதையைக் கேட்டு இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாற்றல் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும் என்றாள். அன்று சாயங்காலமே சிட்டுவின் கணினிக்கு அது திரும்பி வந்தது. இப்போதைய மேனேஜரின் சம்மதம் வேண்டும் என்று அவளிடமே கேட்டது. 'இவரை விடுவிப்பதால் உங்கள் பிரிவின் வேலை பாதிக்கப்படுமா?' அவள் உண்மையாகவே கொஞ்சம் யோசித்து, 'பாதிக்கப்படாது' என்று எழுதினாள். 'இவரைப் பற்றி ஒரு வரி' என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. தன்னைத் தானே புகழக் கூச்சமாக இருந்தது. கடைசியில், 'சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்' என்று எழுதி, சம்மதம் என்பதை அழுத்தினாள்.

தலையணைக் கோளாற்றைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. அதற்குள் பதினான்கு கூட்டம் நடந்தது, அதில் இரண்டு, முந்தைய கூட்டம் எதற்கு என்று பேச. திருத்தம் வெளியே போன வாரத்தில் புகார்கள் நூற்றுக்கும் கீழே இறங்கின. நீச்சல் பயிற்சியாளருக்குச் சிட்டுவே பதில் எழுதினாள். தவறு உங்களுடையது அல்ல, எங்களுடையது என்று தொடங்கும் கடிதம். அவர் அதை அச்செடுத்துக் குளத்தருகே ஒட்டியிருப்பதாகப் படம் அனுப்பினார்.

பெயர்க் குழப்பம் மட்டும் தீரவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், ஒருத்தியின் மெயில் இன்னொருத்திக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஊன்றுகோல்காரி ஒருநாள் கேட்டாள், "வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" சிட்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் நான்காம் மாடி முழுக்க அவள் சிட்டு ஆகிவிட்டாள். கேப்டன் மட்டும் மரியாதை விடாமல் "சிட்டு மேடம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றரை மணிக்குச் சிட்டு கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உங்க காலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"என் காலையா? யாரு?"

"பயிற்சி கொடுக்கிற டாக்டர். எனக்கு எழுதியிருக்காரு. தினமும் படிக்கட்டு ஏறி இறங்கணுமாம், ஏமாத்தக் கூடாதாம்."

"அதை நீங்க பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல?"

"பாத்துட்டேனே" என்று சிட்டு எழுந்து அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மின்தூக்கியைத் தாண்டி இருவரும் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள். ஒருத்தி ஒவ்வொரு படியாக, இன்னொருத்தி அவளுக்கு ஒரு படி முன்னால்.